ஒரு துப்பாக்கியும் 1 கே 412-ம்

போன வாரம் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் (பையன் என்றால் அவனுக்கும் ஐம்பது ஆகப்போகிறது) வாட்ஸப்பில் நான்கு படங்கள் அனுப்பியிருந்தான். அவன் மாமனார் வீட்டில் இருக்கும் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. "அங்கிள், இது என்ன கிரேடு? எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்டிருந்தான். நான்கு படத்திலும் பக்கத் தகட்டில் செதுக்கியிருந்த காடையும் வேட்டை நாயும்தான் தெரிந்தன. குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். "அடியில ஒண்ணும் இல்ல அங்கிள், ஏதோ சின்னச் சின்னதா கிறுக்கியிருக்கு" என்றான்.

அந்தக் கிறுக்கலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. அதை இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. காக்கையை விரட்டக்கூட என் மனைவிதான் வரவேண்டும். எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு இரண்டு வகை. ஒன்று, சின்ன வயதில் பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்த மனுஃபிரான்ஸ் காட்டலாக். இன்னொன்று, அரசு வேலையில் ஆயுத லைசென்ஸ் செக்‌ஷனில் உட்கார்ந்திருந்த பதினோரு வருடம்.

காட்டலாக் விஷயம் இனிமையானது. பிரான்ஸில் சேந்த்-எத்தியேன் என்ற ஊரில் 1885-ல் மிமார், பிளாஷோன் என்ற இருவர் தொடங்கிய கம்பெனி அது. துப்பாக்கி, சைக்கிள், தையல் மெஷின், மீன் தூண்டில் என்று எல்லாவற்றையும் படம் போட்டு, விலை போட்டு, தபாலில் விற்றார்கள். 'லெ ஷஸ்ஸர் பிரான்சே' என்று ஒரு பத்திரிகையும் அவர்களுடையதுதான். வேட்டைக்காரர்களுக்கான பத்திரிகை, ஆனால் அதில் வந்த கல்யாண விளம்பரங்களுக்குத்தான் பேர் அதிகம்! பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பிரெஞ்சில் பாடம் சொன்ன மெஸ்யே இலக்கணத்தை மண்டையில் ஏற்றினார் என்றால், பெயர்ச்சொற்களை நான் அந்தக் காட்டலாக்கில்தான் கற்றேன். துப்பாக்கியின் சுத்தியலுக்குப் பிரெஞ்சில் 'ஷியான்', அதாவது நாய் என்று பெயர். வெளியில் சுத்தியல் தெரியாத துப்பாக்கிக்கு 'சான் ஷியான்', நாய் இல்லாத துப்பாக்கி. ஒன்பது வயதில் இதைப் படித்துவிட்டு, நாயைக் கூட்டிப் போகாமல் வேட்டைக்குப் போகிறவர்களுக்கென்று தனியாகச் செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காட்டலாக்கில் 'இதேயால்', 'ரொபுஸ்ட்' என்று இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். ஒரே பெயருக்குள் பல நம்பர்கள். நம்பருக்கு நம்பர் செதுக்கு வேலையும், கட்டையின் மரமும், விலையும் மாறும். இதுதான் கிரேடு என்பது. வேறொன்றுமில்லை. உள்ளே இருக்கும் இயந்திரம் பெரும்பாலும் ஒன்றேதான். காசுக்குத் தகுந்தபடி பூவேலை.

அமெரிக்காக்காரன் இதையே எழுத்தில் செய்தான். பார்க்கர் என்ற கம்பெனியின் துப்பாக்கியில் வி, ஜி, டி, சி, பி, ஏ, டபுள் ஏ என்று போகும். வி கீழே, ஏ மேலே. ஹெச் சேர்ந்தால் சுத்தியல் உள்ளே இருப்பது. ஈ சேர்ந்தால் சுட்ட தோட்டாக் கூட்டைத் தானே வெளியே தள்ளுவது. ஆக வி.ஹெச்.ஈ. என்று கண்டால் அது ஏதோ ரகசியக் குறி அல்ல, 'சாதா ரகம், சுத்தியல் உள்ளே, தானே தள்ளும்' என்ற மூன்று தகவல். குழலின் மேல் 'டைட்டானிக் ஸ்டீல்' என்று எழுதியிருந்தால் கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது டி கிரேடுக்குப் போட்ட இரும்பின் பெயர். இங்கிலாந்தில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி எழுத்தெல்லாம் வேண்டாம் என்று ராயல், பேட்மின்டன், டொமினியன் என்று பெயரே வைத்துவிட்டது.

சரி, இதெல்லாம் சுவாரசியம்தான். ஆனால் கிரேடு என்பது விற்கிறவன் சொல்வது. என் கட்சி என்னவென்றால், விற்கிறவன் சொன்னதைக் கடைசியில் படிக்க வேண்டும். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள். செதுக்கு வேலையைப் பின்னால் யாரும் செய்துகொள்ளலாம். சாதா ரகத்தை வாங்கி, பூவும் பறவையும் செதுக்கி, மேல் கிரேடு என்று விற்பது மேல்நாட்டில் பழைய வியாபாரம்.

படிக்க வேண்டியது அடிப்பக்கம். அங்கே இருப்பது செய்தவன் எழுத்தல்ல, சோதித்தவன் முத்திரை. ஐரோப்பாவின் துப்பாக்கி ஊர்களில் சோதனைச் சாலை என்று ஒன்று இருக்கும். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-லேயே அரசப் பட்டயம். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813. பெல்ஜியத்தின் லியேழ் நகரில் 1672-லிருந்து. வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து போட்டுக் குழலைச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடித்தால் குப்பை, தாங்கினால் முத்திரை. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், குழலின் மேல் இருப்பது மனுதாரர் கூற்று, அடியில் இருப்பது விசாரணை அதிகாரி அறிக்கை. மனுதாரர் கூற்றை வைத்து எந்த சூப்பரின்டெண்டாவது ஃபைலை முடித்து நான் பார்த்ததில்லை.

என்ன வேடிக்கை என்றால், இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்வதுதான் அதிகம். ரிட்டயர்டு சொல்தா ஒருவர் வீட்டுத் துப்பாக்கியில் 'ப்ரெவ்தே எஸ். ழே. தே. ழே.' என்று பொறித்திருந்தது. அவர் மகன் அதைப் பிரெஞ்சு அரசாங்க முத்திரை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் முழு வாசகம் 'சான் கராந்தி தியு கூவெர்னுமான்', அரசின் உத்தரவாதம் இல்லாமல்! 1844-ம் வருடச் சட்டப்படி பிரான்ஸில் பேடண்ட் கேட்டவனுக்குப் பரிசீலனை செய்யாமலேயே கொடுத்துவிடுவார்கள். அதனால் நாங்கள் ஜவாப்தாரி இல்லை என்று அரசாங்கமே எழுதச் சொன்னது. 1968 வரை அந்த வழக்கம் இருந்தது. நானும் ப்ரெவே பரீட்சை பாஸ் செய்தவன்தான், எனக்கும் எந்த அரசும் உத்தரவாதம் கொடுக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இதேபோல் குழலின் மேல் 'க்ருப்', 'கொக்கெரில்', 'விட்வொர்த்' என்று கண்டால் அது துப்பாக்கி செய்தவன் பெயரல்ல, இரும்பு யாருடையது என்பது. நம் நாட்டில் இருக்கும் துப்பாக்கிகளில் 'ஆர். பி. ராடா, கல்கத்தா' என்றோ 'மேன்டன், கல்கத்தா' என்றோ இருந்தால் அது விற்ற கடையின் பெயர். செய்த ஊரைத் தெரிந்துகொள்ள மறுபடியும் அடிப்பக்கத்துக்குத்தான் வரவேண்டும். கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி. என்றால் பர்மிங்காம். முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றும் கீழே ஒரு நட்சத்திரமும் இருந்தால் லியேழ். மேலே கிரீடமும் சேர்ந்திருந்தால் 1893-க்குப் பிந்தியது. 1922 முதல் லியேழில் வருடத்துக்கு ஓர் எழுத்து வைத்தார்கள்; சின்ன 'ஏ' 1922, 'பி' 1923 என்று போகும். ஆக கிறுக்கல் என்று அந்தப் பையன் சொன்னதில் ஊரும் வருடமும் இருக்கிறது.

உயிரும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் கிரேடைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. வியேல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1884-ல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அதற்கு முந்தைய குழல்கள் கரிமருந்துக்குச் செய்தவை. புகையில்லா மருந்தில் சோதித்த குழலுக்குத் தனி முத்திரை உண்டு: இங்கிலாந்தில் என்.பி., பிரான்ஸில் பெரும்பாலும் பி.டி. (எங்கள் வாயில் பே தே). அந்த முத்திரை இல்லாத குழலில் இன்றைய தோட்டாவைப் போடுவது எவ்வளவு அழகான செதுக்கு வேலை இருந்தாலும் முட்டாள்தனம். அடுத்தது, அறையின் நீளம். பிரெஞ்சுக் குழலில் 16-65 என்று இருந்தால் பதினாறு போர், 65 மில்லிமீட்டர் தோட்டா. இதில் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் உள்ளே போய்விடும். அதுதான் ஆபத்தே. தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் போடுவது சுட்டு, வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். மூடியிருக்கும்போது குட்டையாக இருப்பதால் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் அடைக்கும்; அழுத்தம் ஏறும். உள்ளே போகிறதே என்று சொல்பவரிடம் 16-65-ஐக் காட்ட வேண்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இவ்வளவு தெரிந்தவன் போல் எழுதுகிறேனே, 1976-ல் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. வேலையில் சேர்ந்து மூன்றாம் வருடம். நிலம் நீச்சு உள்ள ஒருவர் காட்டுப்பன்றித் தொல்லைக்கென்று வைத்திருந்த துப்பாக்கியைப் புது லைசென்ஸில் ஏற்றக் கொண்டுவந்தார். பன்னிரண்டு போர், இரட்டைக் குழல். பழைய காகிதத்தில் நம்பர் இல்லை. நம்பரைப் பார்த்து எழுதய்யா என்றார்கள். குழலைக் கழற்றினேன். கட்டத்துக்குள் 12 சி என்றிருந்தது, அது போர் என்று ஊகித்தேன். 18.4 என்று ஒன்று. அது குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். ஈ.எல்.ஜி. என்பது கம்பெனி பெயர் என்று முடிவு கட்டினேன். பிறகு '1 கே 412' என்று தெளிவாகப் பொறித்திருந்தது. நடுவில் ஓர் எழுத்து, பின்னால் மூன்று இலக்கம். பார்த்தால் நம்பர் மாதிரியே இருக்கிறது. தயாரிப்பு ஈ.எல்.ஜி., நெ. 1கே412 என்று அழகான கையெழுத்தில் ரெஜிஸ்டரில் எழுதினேன்.

ஈ.எல்.ஜி. என்றால் எப்ரேவ், லியேழ். எப்ரேவ் என்றால் சோதனை, பரீட்சை. வருடா வருடம் வினாத்தாளின் தலைப்பில் பார்த்த சொல். பிரெஞ்சில் படித்த எனக்கே அன்று மண்டையில் ஏறவில்லை. 1 கே 412 என்றால் 1 கிலோ 412 கிராம். குழலின் எடை. பெல்ஜியத்தில் குழலின் எடையைப் பொறிப்பார்கள். பின்னால் யாராவது உள்ளே குடைந்து மெல்லியதாக்கினால் தராசு காட்டிக்கொடுத்துவிடும். நான் ஒரு துப்பாக்கியின் எடையை அதன் பெயராக எழுதிவிட்டேன்.

முப்பத்தைந்து வருடம் அது அப்படியே போயிற்று. புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய பக்கத்தைப் பார்த்துப் புதுப் பக்கத்தில் எழுதுவார்கள். துப்பாக்கியை யார் கழற்றிப் பார்க்கிறார்கள்? அந்தப் பெரியவர் காலமானார். லைசென்ஸ்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆளுக்கொரு அடையாள எண் கொடுக்கும் வேலை நடந்த சமயம். மகன் வாரிசு முறையில் மனுப் போட்டார். இந்தத் தடவை ஆய்வு செய்தவர் ஒழுங்கானவர். முன்கட்டையைக் கழற்றி, அதன் அடியில் மறைந்திருந்த ஐந்து இலக்க உண்மையான நம்பரை எழுதிவிட்டார். ரெஜிஸ்டரில் ஒரு துப்பாக்கி, கையில் வேறு துப்பாக்கி. அப்படியானால் 1கே412 எங்கே?

அந்தக் கேள்வியோடு போலீஸ் அந்த வீட்டுக்கு மூன்று தடவை போயிருக்கிறது. வைக்கோல் போரைக் கலைத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரியவரின் மனைவிக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. இன்னொரு துப்பாக்கியை யாருக்கு விற்றார் உன் வீட்டுக்காரர் என்று கேட்டால் அந்த அம்மா என்ன சொல்வார்?

எனக்கு விஷயம் தெரிந்தது எனக்குப் பின் அந்த செக்‌ஷனுக்கு வந்த தம்பி ஒருவர் போன் செய்தபோதுதான். "சார், பழைய ரெஜிஸ்டர்ல உங்க கையெழுத்து மாதிரி இருக்கு" என்றார். ரிட்டயராகி மூன்று வருடம் ஆகியிருந்தது எனக்கு. வராமல் இருந்திருக்கலாம் என்று சிலர் பின்னால் சொன்னார்கள். போனேன்.

போய்ப் பார்த்தால் இன்னொரு வினை. துப்பாக்கியை வைத்திருந்த இடத்தில் யாரோ நல்ல எண்ணத்தில் பஃப் போட்டுப் புதுசு போல் பளபளவென்று ஆக்கி, கறுப்பும் ஏற்றியிருந்தார்கள். ஈ.எல்.ஜி.யில் பாதி முட்டைதான் மிச்சம். வருட எழுத்து போய்விட்டது. 1 கே 412-ல் ஒன்றும் கேயும் நிழலாகத் தெரிந்தன, 412 லென்ஸ் வைத்தால்தான் தெரியும். இந்த பாலிஷ் மோகத்தை நான் சபிக்காத நாளில்லை. பழைய டமாஸ்கஸ் குழல்களில் இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்த கோலம் போன்ற வரிகள் இருக்கும். அதையும் இப்படித்தான் தேய்த்து மொழுக்கென்று ஆக்கிவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு அது டமாஸ்கஸ் என்றே தெரியாது, இன்றைய தோட்டாவைப் போட்டுவிடுவார்.

அதிகாரி இளைஞர், மரியாதையானவர். ஆனால் பெல்ஜியத்தில் எடை பொறிப்பார்கள் என்று நான் சொன்னதை அவர் ஏன் நம்ப வேண்டும்? தவறு செய்தவனே வந்து விளக்கம் சொல்கிறான். தராசு கொண்டுவரச் சொல்லுங்கள் என்றேன். எதிரே மளிகைக் கடையிலிருந்து எலக்ட்ரானிக் தராசு வந்தது. குழலை மட்டும் தனியாக வைத்தோம். 1.405 காட்டியது. ஏழு கிராம் குறைவு. அந்த ஏழு கிராமும் பஃப் சக்கரத்தில் போனது என்பது என் கணக்கு. அவர் இரண்டு தடவை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டார்.

திருத்த ஆணை வர இன்னும் பதினொரு மாதம் ஆயிற்று. 'எழுத்தர் பிழை' என்று ஒரே வரி. அதுவரை அந்த மகனுக்கு லைசென்ஸ் இல்லை, அந்த அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. நான் ஒரு தடவை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தம்பி, எடைதானே எழுதினீங்க, இல்லாததையா எழுதினீங்க" என்றார்.

இதனால்தான் கிரேடு என்ன, விலை என்ன என்று ஆரம்பிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. 2019 டிசம்பரில் சட்டம் திருத்தியபின் ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். மூன்றாவதை ஒப்படைக்கச் சொன்னபோது பல வீடுகளில் எதைக் கொடுப்பது என்று பார்த்து, பார்வைக்கு மோசமானதைக் கொடுத்தார்கள். பார்வைக்கு மோசமானது என்றால் யாரும் பாலிஷ் போடாதது, அதாவது முத்திரை முழுசாக இருப்பது! பளபளப்பானதை வைத்துக்கொண்டார்கள். சட்டத்தில் எனக்குக் குறையில்லை. துப்பாக்கி குறைந்தால் நல்லதுதான். ஆனால் வாங்கி வைக்கும் இடத்தில் குழலைக் கழற்றி, அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து ஃபைலில் வைக்க என்ன செலவு? ரெஜிஸ்டரில் இன்றைக்கும் 'பன்னிரண்டு போர், இரட்டைக் குழல், நெ.' என்று மூன்று தகவல்தான். நம்பர் தப்பானால் வேறு சாட்சி கிடையாது. ஊர் முத்திரை, அறை நீளம், குழலின் உள்விட்டம் என்று இன்னும் மூன்று கட்டம் போட்டிருந்தால் அந்த வைக்கோல் போர் கலைந்திருக்காது. ஒரு கிளார்க்குக்கு ஐந்து நிமிட வேலை. அவனுக்கு எது நம்பர், எது எடை என்று ஒரு மணி நேரம் யாராவது சொல்லிக்கொடுத்தால் போதும். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் எனக்குப் பின் வந்தவருக்குச் சொல்லவில்லை.

அந்தப் பையன் நேற்று அடிப்பக்கப் படம் அனுப்பினான். பர்மிங்காம் கிரீடம் தெரிகிறது. என்.பி. தெரியவில்லை, படம் மங்கலா, முத்திரையே இல்லையா என்று சொல்ல முடியவில்லை. மாமனாரைத் தோட்டா எதுவும் போட வேண்டாம் என்று சொல்லி, காலை வெயிலில் வைத்து மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பித்தளைப் பாலிஷ் எதுவும் போட்டுத் துடைத்துவிடாதே என்றும் சேர்த்துச் சொன்னேன். "அங்கிள், நேத்துதான் துடைச்சேன்" என்கிறான்.